மிச்சக் கரண்ட்

மனித குலம் மொத்தமே இரண்டு வகை என்று விஞ்ஞானி அறிவித்தான். கம்பெனி மாட்டிக் கொடுத்ததை மாட்டினபடியே வைத்துக்கொள்பவர்கள் ஒரு வகை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு ஓட்டுரிமையே கொடுத்திருக்கக் கூடாது என்பது அவன் முடிவு.

விஞ்ஞானி என்பது கல்லூரியில் சூட்டிய பெயர். வகுப்பறை மின்விசிறியைப் பிரித்துப் பூட்டிவிட்டு, மீந்துபோன மூன்று திருகுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன அன்று சூட்டியது. அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

இப்போது அவன் முன்னால் கேமிங் கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. நடுத்தர ரகம், கடையிலேயே முழுசாகப் பூட்டி விற்றது, அப்பா வாங்கித் தந்தது. அதற்குள் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றையும், அதற்குத் தீனி போட யாரோ கழித்துக்கட்டிய பவர் சப்ளை ஒன்றையும் ஏற்றப்போகிறான். நண்பன் சோடாபுட்டி செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மேசையை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அறை. அங்கிருந்து பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி ஓர் உறுமல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

"டேய்... நல்லாத்தானே ஓடுது... அதை ஏன்டா பிரிக்கிற?" அப்பாவுக்கு இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "கம்பெனிக்காரன்... கணக்குப் பண்ணித்தான்... மாட்டியிருப்பான்."

"கம்பெனிக்காரன் உங்களை மாதிரி ஆளுங்களை நம்பித்தான்ப்பா கடையே வச்சிருக்கான்."

சோடாபுட்டி சிரித்தான். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக முடிந்தது.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்துடறேன். கரண்ட் போய் வந்தா மறக்காம மெஷினை ஆன் பண்ணுடா. அது தானா ஓடாது."

"மெஷினைப் பத்தி எனக்கே பாடமா? நீ போயிட்டு வாம்மா."

கார்டு உட்கார்ந்தது. பவர் சப்ளை உட்கார்ந்தது. விஞ்ஞானி சுவிட்சைப் போட்டதும் டப் என்று ஒரு சத்தம். விளக்கு, விசிறி, மொத்த வீடும் நின்றது.

"ஒண்ணுமில்ல மச்சான். பெரிய கார்டு, மொதல் வாய் கொஞ்சம் பெருசா வாங்குது." கூடத்து மெயின் பெட்டியில் விழுந்துகிடந்த சுவிட்சை மேலே தள்ளிவிட்டு வந்தான். விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றியது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது.

"எவ்வளவு அமைதியா ஓடுது பாத்தியா? வீடே நிசப்தமாயிடுச்சு."

அப்போதுதான் அது ஆரம்பித்தது. பீப். பீப். பீப்.

"ராம் கத்துது," என்றான் விஞ்ஞானி, கண்ணை மூடிக்கொண்டு. "காது பழகினவனுக்கு ஒரு பீப் போதும்."

பிளக்கைப் பிடுங்கினான். மெமரிப் பட்டையான ராமை உருவி, அதன் பல்வரிசையை ரப்பரால் பதமாகத் தேய்த்தான். பீப் விடாமல் வந்தது.

சோடாபுட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். "மச்சான், பிளக்கே போடலையேடா. அப்புறம் எப்படிக் கத்துது?"

"மிச்சக் கரண்ட்."

"என்னது?"

"உள்ள கெப்பாசிட்டர்ல தேங்கி நிக்கும். நீயெல்லாம் கம்பெனி பூட்டினதைக் கும்பிட்டே வளந்தவன், உனக்குப் புரியாது. பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சா வடிஞ்சிடும்."

அமுக்கிப் பிடித்தான். விட்டான். மறுபடி பிடித்தான். ராமை மாட்டி, கழற்றி, மீண்டும் தேய்த்து, மீண்டும் பட்டனை அமுக்கினான். வெகுநேரத்துக்குப் பிறகு சத்தம் மெலிந்து, இழுத்து, நின்றது.

"பாத்தியா? வடிஞ்சிடுச்சு."

பிளக்கைப் போட்டதும் இந்த முறை திரை எரிந்தது. ஆட்டத்தில் புல்லின் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக அசைந்தது. விஞ்ஞானி ஓட்டுரிமை உள்ள மனிதனைப் போலச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அம்மா வந்து நேராக அப்பாவின் அறைக்குப் போனாள். பிறகு குரல் மட்டும் வந்தது.

"கரண்ட் போச்சாடா?"

கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் அணைந்து கிடந்தது. மெஷின் நின்று சற்று நேரமானால் கத்தி ஆளைக் கூப்பிடும் சின்ன பேட்டரியும் கத்திக் கத்தித் தீர்ந்திருந்தது. குழாய் அப்பாவின் மூக்கிலேயே இருந்தது. ஒரு கை சுவரைத் தொட்டபடி கிடந்தது.

சோடாபுட்டி மாடி வீட்டு நர்ஸைக் கூட்டிவர ஓடினான். அவர் வந்து நாடி பார்த்தார். பிடித்த கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்தார்.

விஞ்ஞானி தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். பெரிய கார்டையும் அதன் பவர் சப்ளையையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கம்பெனி பவர் சப்ளை, கம்பெனி கார்டு, பக்கத் தகடு என்று வரிசையாகப் பூட்டினான். இந்த முறை ஒரு திருகுகூட மிஞ்சவில்லை.

வெளியே வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "மாடியில கரண்டே போகலையாம்டா. நம்ம வீட்டுல மட்டும் எப்படிப் போச்சு? அந்தக் கம்ப்யூட்டர்ல எதையாவது மாத்தினியா?"

சோடாபுட்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இல்லம்மா," என்றான் விஞ்ஞானி. "கம்பெனி மாட்டினது மாட்டினபடியே இருக்கு."