நாணல் பக்கத்து ஊற்று

"அந்த மேரிப் பொண்ணுதாங்க உடைச்சிருக்கும். பேரை அடிச்சு வெளிய அனுப்புங்க!"

அரிசி மண்டிக்காரர் போட்ட சத்தத்தில் வகுப்பே எழுந்து நின்றது. மூலையில் தண்ணீர்ப் பானை சில்லுசில்லாய்க் கிடந்தது.

ஆரோக்கியமேரி தோல் கிடங்குக் கூலியின் மகள். மற்ற பிள்ளைகள் பானையில் மொண்டு குடிக்கலாம். அவள் தெருப் பிள்ளைகளுக்கு யாராவது மேலேயிருந்து கையில் ஊற்றினால் உண்டு. 1927-லும் ஆம்பூர் ஆத்தோரத்துப் பள்ளிக்கூடத்தில் அதுதான் வழக்கம்.

"நான் தொடவே இல்லீங்க ஐயா," என்றாள் மேரி.

தலைமையாசிரியர் கிருபானந்தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"யாருன்னு தெரியற வரைக்கும் யார் பேரையும் அடிக்க மாட்டேன். புதுப் பானையும் கிடையாது. தாகம் எடுத்தா எல்லாரும் பாலாத்துல ஊத்து தோண்டிக் குடிங்க."

ஜெயபுஷ்பம் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்டிக்காரர் தலை மறைந்ததும் கேட்டே விட்டாள்.

"இன்னாங்க ஐயா இது? அந்தப் பொண்ணு உடைக்கலன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

"சாட்சி வேணுமே, டீச்சரம்மா."

சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டே பிள்ளைகளை ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

முதல் நாள் மணலில் இரண்டு கூட்டம். கவுஸ் பாஷாவும் மண்டிக்காரர் மகள் விஜயகுமாரியும் மூச்சு வாங்கத் தோண்டினார்கள். தண்ணீர் ஊறியது. வாயில் வைத்ததும் துப்பினார்கள்.

"சே, ஒரே உப்பு!"

"அங்க தோல் கழுவுன தண்ணி இறங்குது," என்றாள் மேரி, தள்ளி நின்றபடியே. "நாணல் இருக்கற பக்கம் தோண்டணும். எங்கம்மா தினம் அங்கதான் மொள்ளும்."

விஜயகுமாரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எந்த எடம்? வந்து காட்டேன்!"

மூன்றாம் நாள் ஒரே ஊற்று. மேரி தோண்ட, எல்லாரும் சுற்றி முட்டி போட்டுக் கையால் அள்ளிக் குடித்தார்கள்.

"தோஸ்த், சக்கரை ஏதும் போட்டியா இதுல?" என்றான் கவுஸ் பாஷா.

மேரி சிரித்தாள். அவள் சிரித்து ஜெயபுஷ்பம் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை மண்டிக்காரர் இரண்டு புதுப் பானையோடு வண்டியில் வந்து இறங்கினார்.

"பேரை அடிக்க வேணாம், போங்க. சின்னது அவங்களுக்கு. பெரிசு நம்ம பிள்ளைங்களுக்கு. இனிமே ஒரு பேஜாரும் இல்ல பாருங்க."

கிருபானந்தம் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். தன் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார்.

"திங்கக்கிழமை வெளிய வெச்சிடலாங்க."

இரண்டு நாளாய் ஜெயபுஷ்பத்துக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை மணியடிக்க வெகு நேரம் முன்பே, 'எனக்கு இந்த வேலை வேண்டாம்' என்று எழுதின காகிதத்தோடு வந்து நின்றாள்.

தலைமையாசிரியர் அறைக்குள் 'டமார்' என்று ஒரு சத்தம்.

கதவைத் தள்ளினாள். பெரிய பானை தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. நடுவில் கிருபானந்தம், மணியடிக்கிற கட்டையோடு.

"பூ... பூனை தள்ளிடுச்சு, டீச்சரம்மா."

அவள் கட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்போ அன்னைக்கும்?"

"அன்னைக்கும் இதே பூனைதான்." அவர் குரல் இறங்கியது. "பழி அந்தப் பொண்ணு மேல விழும்னு அதுக்குத் தோணல. அதான் இந்தத் தடவை பூட்டி வெச்சேன். சாவி என் இடுப்புல. கேட்டா என்னையத்தான் கேக்கணும்."

ஜெயபுஷ்பம் கையிலிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். கட்டையை அவரிடமிருந்து வாங்கினாள்.

"ஒரு பானையோட வுட்டுட்டுப் போற பூனையை நான் பாத்ததே இல்லீங்க ஐயா," என்று சின்னப் பானையின்மேல் ஓங்கிப் போட்டாள்.