தலை ஈத்து, நேரலையில்

குட்டியின் ஒரு குளம்பும் மூக்கு நுனியும் வெளியே தெரிந்தன. இன்னொரு குளம்பைக் காணவில்லை.

மேகலாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

எதிரே, போனைப் பிடித்தபடி நாத்தனார் சிவரஞ்சனி மண்டியிட்டிருந்தாள். அந்தப் போன் வழியாக, ஆத்தூரிலிருந்து சிங்கப்பூர் வரை டிக்கெட் வாங்கியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுப்பண்ணை போடலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள்.

தலை ஈத்து ஆடு முதன்முதலாகக் குட்டி போடுவதை, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வெட்டாமல் காட்டுவதாக மேகலாதான் அறிவித்திருந்தாள். ஆட்டுக்கு நேரம் குறிக்க முடியாது. வலி கண்டதும் செய்தி போகும், வாங்கியவர்கள் ஓடிவந்து சேர்ந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு. இன்று மத்தியானச் சோற்றில் கை வைத்தபோது செய்தி போனது.

அவள் சேனலில் இதுவரை எல்லாம் இலவசம். காசு வாங்கிக் காட்டுவது இதுதான் முதல் தடவை.

"ஆடு குட்டி போடுறத எவன்டி காசு குடுத்துப் பாப்பான்?" என்று சிரித்துவிட்டுத்தான் அவள் புருஷன் கரும்பு லாரியை எறையூர் ஆலைக்கு ஓட்டிப் போயிருந்தான்.

பார்க்க வந்துவிட்டார்கள். அதுதான் இப்போது பயம்.

மடங்கிய காலை எடுத்துவிடுவது அவளுக்குப் புதிதல்ல. செந்துறையைச் சுற்றி எத்தனையோ கொட்டகைகளில் செய்திருக்கிறாள். அங்கெல்லாம் ஆடு மட்டும்தான் பார்த்தது.

ஆடு அடித்தொண்டையில் கத்தியது. மேகலாவின் கை விளக்கெண்ணெய்க் கிண்ணத்துக்கு மேலே அப்படியே நின்றது. முதலில் எதைச் செய்வது, முதலில் எதைச் சொல்வது? ஒன்றும் ஓடவில்லை.

நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் எல்லாருக்கும் காசு திரும்பிப் போய்விடும். பிறகு ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நிறுத்தாமல் இப்படியே நின்றாலோ, ஆடு போய்விடும்.

"அண்ணி," என்றாள் சிவரஞ்சனி. பார்ப்பவர்கள் எழுதுவது அவள் கையிலிருக்கும் போனில் மட்டும்தான் தெரியும். வாசித்துச் சொல்வது அவள் வேலை. "காசிநாதன்னு ஒருத்தர் கேக்குறாரு. ஒரு காலு வந்தா பத்தாதாங்குறாரு."

"பத்தாதாவா?" மேகலாவுக்குச் சுருக்கென்றது. "இன்னொரு காலு உள்ள மடங்கிக் கெடக்குதுங்க. அப்படியே விட்டா தோள்பட்ட சிக்கிக்கும்."

"அப்ப வந்த காலப் புடிச்சு நல்லா இழுத்துட்டா என்னங்குறாரு."

"இழுத்தா தாயும் போயிடும், குட்டியும் போயிடும். மொதல்ல தலைய உள்ள தள்ளணும்."

சொல்லும்போதே அவள் கை எண்ணெயில் முங்கியிருந்தது.

"வெளிய வர்றத எதுக்கு உள்ள தள்ளுறீங்களாம்?"

"ஏங்க காசிநாதன், கட்டிலத் தூக்கிட்டு வர்றப்ப வாசப்படில மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? பின்னால தள்ளித்தான திருப்புவீங்க? இந்த மாதிரி ஆளெல்லாம் ஆடு வளக்க வந்தா ஆடு என்னத்துக்கு ஆகும்!"

கை உள்ளே போயிற்று. வலி விட்ட இடைவெளியில் தலையைப் பதமாகத் தள்ளினாள். விரல்கள் மடங்கிய முட்டியைத் தேடிப் பிடித்தன. குளம்பு கர்ப்பப்பையைக் கிழித்துவிடாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எதற்காக மூடுகிறோம் என்று காசிநாதனுக்குத் திட்டிக்கொண்டே விளக்கிக்கொண்டு, அந்தக் காலை நீட்டிவிட்டாள்.

இரண்டு குளம்புகளும் சேர்ந்து வந்தன. ஆடு முக்கியது. குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது.

அசையவில்லை.

"செத்துப்போச்சாங்குறாரு, அண்ணி."

"அந்தாள வாய மூடிக்கிட்டுப் பாக்கச் சொல்லு!"

வாய்க்குள் விரல் விட்டுச் சளியை வழித்தாள். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள். கீழே கிடத்தி விலாவைத் துணியால் பரபரவென்று தேய்த்தாள். ஒரு வைக்கோலை ஒடித்து மூக்கில் விட்டாள்.

குட்டி தும்மியது.

தாய் திரும்பி அதை நக்க ஆரம்பித்ததும் நேரலை முடிந்தது. சிவரஞ்சனி போனை மேகலாவிடம் கொடுத்துவிட்டு, ஆட்டுக்கு வெல்லத் தண்ணீர் கரைக்கப் போனாள்.

மேகலா கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு மக்காக இருந்தாலும் அந்தக் காசிநாதனுக்கு ஒரு நன்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. வந்தவற்றை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

கடைசியில் ஏகப்பட்ட இதயங்கள், கைதட்டல்கள். அதற்கு மேலே வேறு.

'இந்தம்மா ஏன் பேசாம நிக்குது?'

'தெரியாத பொம்பளகிட்ட காசக் குடுத்து ஏமாந்துட்டோம்.'

'ஆட்டக் கொல்லப் போறாங்க.'

'பணத்தத் திருப்பிக் குடு.'

ஒரு வரியை அவளால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

இன்னும் மேலே, முதல் வரி வரைக்கும் போனாள். காசிநாதன் என்ற பெயரே இல்லை. கேள்வி என்று ஒன்றுகூட இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். சிவரஞ்சனி சட்டியை ஆட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை நேரம் ஆடாமல் போனைப் பிடித்திருந்த கைகள் இப்போது கிடுகிடுவென்று நடுங்கின. வெல்லத் தண்ணீர் இரண்டு பக்கமும் தளும்பிச் சிந்தியது. ஆட்டால் வாய் வைக்க முடியவில்லை.

மேகலா எழுந்து போய்ச் சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"காசிநாதனுக்கு எந்த ஊராம்?"

சிவரஞ்சனி தலை நிமிரவில்லை.

"நம்ம வூட்டுப் பக்கந்தான், அண்ணி."