கணுக்கால் மோட்டார்

"நல்லா தொடச்சியாம்மா?" என்றார் தெய்வசிகாமணி.

துடைத்தேன். கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டும் பட்டை, குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் குட்டி மோட்டார், பாதத்துக்கு அடியில் போகும் தகடு என்று எல்லாவற்றையும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன்.

"அந்த வாரு உள்பக்கம்?"

அதையும் துடைத்தேன்.

பக்கவாதம் வந்து எழுந்த மனிதர். வலது காலின் முன்பாதம் தூக்க வராது, தரையில் இழுபடும். இந்த இயந்திரத்தைக் கட்டிக்கொண்டால், எட்டு எடுத்து வைக்கும்போதெல்லாம் மோட்டார் மெல்ல முனகி முன்பாதத்தை மேலே தூக்கிவிடும். எங்கள் மையத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. கள்ளக்குறிச்சியைச் சுற்றிக் கணுக்கால் தளர்ந்தவர்கள் எல்லாரும் முறைவைத்து அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

போன வாரம் இவருக்கு முன்னால் சின்னசேலத்து ஓட்டல்காரர் ஒருவர் போட்டார். வேர்வையோடு கழற்றிக் கொடுத்ததை இவர் அப்படியே வாங்கிக் கட்டிக்கொண்டார். வாயே திறக்கவில்லை.

இன்றைக்கு இவருக்கு முன்னால் போட்டது கல்வராயன் மலையிலிருந்து வந்த ஓர் அம்மா. கடுக்காய் பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து, காலில் நரம்பு அடிபட்டவர்.

"தப்பா நெனச்சிக்காத டாக்டரம்மா. மலைக்காரங்க ஒரு மாதிரி இருப்பாங்க. அது போட்டத நான் போடணும்னா யோசனையா இருக்குது."

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சிரித்தபடி இன்னொரு பஞ்சை எடுத்தேன். இந்த வேலையில் சிரிப்பும் சேர்த்தி.

வெள்ளிக்கிழமை அவர் மகள் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம். மண்டபத்தில் மணமேடைக்கு ஒரு படி ஏற வேண்டும். யாரும் தூக்கிவிடாமல் தானே ஏறி நின்று மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அன்றைக்கு மட்டும் இயந்திரத்தை அவரோடு கொடுத்தனுப்ப மையத்தில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். முடியாவிட்டால் என் தம்பி செய்யட்டும், நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார். அன்று முதல் அந்தப் பெண் யாரோடும் சரியாகப் பேசுவதில்லையாம்.

ஆசாரியிடம் சொல்லி, அந்தப் படியின் உயரத்துக்கு ஒரு மரப்படி செய்து அறையின் நடுவில் போட்டிருந்தேன். தினமும் அதுவரை கம்பீரமாக நடந்து வருவார். பெருவிரல் போய் முட்டும். நின்றுவிடுவார்.

மோட்டாரை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கும்படி வைக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"கோழி மாதிரி நடக்க சொல்றியா? எங்க வகையறாவுல யாரும் அப்படி நடந்ததில்ல."

இன்றைக்குக் கட்டிக்கொண்டு எழுந்தார். நடந்தார். என்னவோ வித்தியாசமாக இருந்தது. பாதம் தரையை விட்டு நன்றாக எழும்பி, எதையோ தாண்டி, மெத்தென்று இறங்கியது. கல்லும் வேருமாகக் கிடக்கிற மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் அப்படித்தான் கால் வைப்பார்கள்.

மோட்டாரை இயக்கும் டேப்லெட் கையில் இருந்தது, அதைப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் ஏற்ற நடையை அதில் தனித்தனியாகப் பதிந்து வைத்திருப்போம். ஆள் மாறினால் பெயரை மாற்ற வேண்டும். திரையில் இன்னும் முன்னால் போட்டவரின் பெயர், 'வெள்ளச்சி' என்றே இருந்தது. அவர் துடைக்கச் சொன்ன துடைப்பில் இதை மறந்தே போயிருக்கிறேன்.

நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குள் மனிதர் மரப்படிக்கு வந்துவிட்டார். பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினேன்.

மோட்டார் முனகியது. பெருவிரல் முட்டவில்லை. வலது கால் ஏறியது. இடது கால் பின்னாலேயே வந்தது. யாரையும் எதையும் பிடிக்காமல் மேலே நின்றார்.

அவருக்கே நம்ப முடியவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

"இன்னா பண்ண இன்னிக்கு?"

சொன்னேன். பெயரை மாற்ற மறந்ததையும், அவர் நடந்தது யாருடைய நடை என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

மீசையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மாத்தாத. வெள்ளிக்கிழம வரைக்கும் இதுவே இருக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, "அந்தம்மா கெளம்பிட்டாங்களா?" என்றார்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் 'அது'. இப்போது 'அந்தம்மா'. நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"இல்லீங்க. வெளியில பெஞ்சுல ஒக்காந்துக்கினு இருக்காங்க. வேல முடிஞ்சதும் நான்தான் கூட்டிக்கினு போவணும்."

"நீ ஏம்மா கூட்டிக்கினு போவணும்?"

"எங்க அம்மாங்க."

அவர் மரப்படியின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். ஏறுவதற்கு மோட்டார் போதும். இறங்குவதற்கு என் கையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

கையை நீட்டினேன். இத்தனை நாளும் அவர் பிடித்து நடந்த கைதான். இப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. கையை விடவும் இல்லை. என் அம்மாவின் நடையில், கதவைப் பார்த்து நடந்தார்.