உண்ணிக்கொக்குக்குப் பாராட்டு விழா

எல்லார் உடம்பிலும் உண்ணி பிடுங்கி வைத்தியம் பார்க்கிற உண்ணிக்கொக்குக்கு அன்று காட்டில் பாராட்டு விழா. ஆளாளுக்கு மாலை போட்டதில், அலகு பூவுக்குள் புதைந்து கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

கூட்டத்தின் கடைசியில் நின்ற வெள்ளாட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதன் குட்டியின் காதுக்குள் உண்ணி ஏறிவிட்டது. இவ்வளவு நேரம் கதறிய குட்டி இப்போது சத்தமே போடாமல் கிடந்தது. ஆடு கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே போனது.

"ஐயா, வழி விடுங்க! குட்டி காதுல உண்ணி ஏறிடுச்சு!" என்று கத்தியது.

மேடையில் கொக்கின் கண் சட்டென்று திரும்பியது.

"விழா முடியட்டும்மா. நீயும் கை தட்டு," என்றது மேடைக்கு முன்னால் காவல் நின்ற கரடி.

மேடையில் வெகுநேரமாகப் பேசிக்கொண்டிருந்த எருமை, "சுருக்கமாகச் சொன்னால்..." என்று மறுபடியும் ஆரம்பித்தது.

ஆடு கரடியை முட்டித் தள்ளிவிட்டு மேடைக்குப் பாய்ந்தது. கொக்கின் கழுத்திலிருந்த மாலைகளை வெறிபிடித்ததுபோல் தின்னத் தொடங்கியது.

"அடிப் பாவி! மரியாதை தெரியாத ஜென்மம்!" கூட்டமே கொதித்தது. ஆடு நிமிரவே இல்லை. சாமந்தி, சம்பங்கி, கட்டிய நார் எல்லாம் வயிற்றுக்குள் போயின.

ஒருவழியாக அலகு வெளியே வந்தது.

"எந்தக் காதும்மா?" என்றது கொக்கு.