மிளகாய் நெடி

அடுக்களையில் மிளகாய் வற்றல் சடசடவென்று வெடித்தது. கூடத்தில் இசக்கியப்பன் பல்லைக் கடித்தான். லாரி கவிழ்ந்ததில் செயலற்றுப்போன அவனுடைய வலது கைக்கு, விலாவிலிருந்து மூச்சை இயக்கும் ஒரு நரம்பை எடுத்து இணைத்திருந்தார்கள். அதனால் மூச்சை ஆழமாக இழுத்தபடி கையை மடக்கிப் பழக வேண்டும். மாதக்கணக்கில் இழுத்துவிட்டான். கை மடியில் கிடந்ததோடு சரி.

“மூச்சு இழுத்தா கை மடங்குமாம்! யாரை ஏமாத்துதானுவ? நாளையிலேருந்து நான் பயிற்சிக்கு வரல. என்னைக் கூப்பிடாத!”

மனைவி மாடத்தி புகைகிற வாணலியோடு வந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து இருமினான்.

“ஏட்டி, கொல்லப் பாக்கியா? கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு?”

மாடத்தி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இருமலுக்கும் அந்தக் கை முழங்கையில் லேசாக மடங்கி, எழும்பி, மறுபடி விழுந்தது.

“நல்லா ஏசுங்க. ஆனா கண்ணைத் தொறந்துக்கிட்டு ஏசுங்க. நேத்து தாளிக்கும்போதும் கை எந்திச்சுது, நீங்கதான் பாக்கல.”