பேரும் தொழிலும்

"அழற மாதிரி யாராச்சும் கிடைச்சாங்களாம்மா?"

போனில் செய்தி ஆசிரியர். காலையிலிருந்து இது ஐந்தாவது முறை.

"எல்லாரும் தூங்கறாங்க சார். நாலு நாளா கத்திக் கத்தி அவங்களுக்கும் தொண்டை வத்திப்போச்சு."

"பைலட்டுங்க ஸ்ட்ரைக் பண்ணா ஜனங்க கொதிக்கணும்மா. தூங்கறதையா காட்டறது? ரெண்டு மணிச் செய்திக்குள்ள ஒரு ஆளைப் பிடி."

நிருபர் போனைப் பைக்குள் போட்டாள். நான்கு நாளாக விமான நிலையத்து நாற்காலிதான் அவளுக்குக் கட்டில். முதுகு பலகையாகிவிட்டது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தக் கூத்தாடிக்குக் கண்ணையே திறக்க முடியவில்லை.

"ஓய்வு நேரம் பத்தலையாம், அதுக்கு ஸ்ட்ரைக்காம்," என்று கேமராக்காரரிடம் புலம்பினாள். "நமக்கு மட்டும் பத்துதாண்ணே? நாம என்ன மைக்கைக் கீழே வச்சிட்டா உட்கார்ந்திருக்கோம்?"

"அவங்க சம்பளத்துல பாதி குடுத்தாப் போதும்மா. நான் தூங்கவே மாட்டேன்," என்றார் அவர், பெரிய கொட்டாவி ஒன்றை விட்டபடி.

கண்ணாடிச் சுவரோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கசங்கிய சட்டை, மடியில் ஒரு சின்னப் பை. வெளியே ஏழாம் வாசலில் நின்ற விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"எங்க சார் போகணும்?"

"வீட்டுக்குத்தாம்மா. அப்பா தவறிட்டாரு. காலையில போன் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துடுவாங்க."

அவளுக்குப் பாவமாக இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரியும் இருந்தது. அப்படித் தோன்றியதற்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் மைக்கை நீட்டினாள்.

"இந்த ஸ்ட்ரைக் மட்டும் இல்லைன்னா, சார்?"

"இந்நேரம் அப்பா பக்கத்துல இருந்திருப்பேன். மூணு நாள் முன்னாடியே முடியலைன்னு சொன்னாங்க. ஸ்ட்ரைக் இன்னைக்கு முடிஞ்சிடும், நாளைக்கு முடிஞ்சிடும்னு இருந்துட்டேன்." குரல் உடைந்து கண்ணீர் வழிந்தது.

"இதைக் கேட்டா பைலட்டுங்க என்ன சொல்லுவாங்க?"

"அவங்களுக்கும் அப்பா இருக்காரு இல்லம்மா? அவங்களுக்கு மட்டும் வலிக்காதா? ஆனா தூக்கக் கலக்கத்துல இருக்கறவன் கையில இருநூறு உயிரை ஒப்படைக்கறதும் நியாயமில்ல. கலக்கத்துல எதை விட்டோம்னு, விட்டப்புறம்தான் தெரியும்."

இந்த நிலையிலும் எவ்வளவு பெரிய மனசு என்று அவள் நினைத்தாள். பேட்டியை அனுப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆசிரியர் கூப்பிட்டுவிட்டார்.

"தங்கமான ஆளும்மா. பின்பாதியை வெட்டிட்டேன். ஓடுது பாரு."

மேலே டிவியில் அவருடைய கண்ணீர். கீழே சிவப்பு எழுத்தில், 'விமானிகளின் பிடிவாதம்: தந்தை முகம் காணாத மகன்'. தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் எழுந்துகொண்டார்கள். "இவனுங்களை மொத்தமா வீட்டுக்கு அனுப்பணும்," என்றார் ஒருவர். அப்பாவை இழந்தவரின் ஊருக்கே போகவேண்டிய ஓர் அம்மாள் வந்து, தண்ணீர் பாட்டிலை அவர் கையில் திணித்தாள். "உங்க வயித்தெரிச்சல் அந்தப் பாவிங்களைச் சும்மா விடாதுங்க."

"ஆமாம்மா, விடாது," என்றார் அவர்.

நிருபருக்கு மனசு கேட்கவில்லை. வேலைநிறுத்தத்தில் சேராத இரண்டு விமானிகளை வைத்து, ஏழாம் வாசல் விமானத்தை மட்டும் நிர்வாகம் மூன்று மணிக்கு விடுகிறது. கவுண்டரில் கெஞ்சிக் கூத்தாடி அதில் ஓர் இடம் வாங்கி வந்தாள்.

"நாலரைக்கு இறங்கிடலாம் சார். கிளம்புங்க."

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். ஊர்ப் பேரை விரலால் தடவினார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்மா. இதுல நான் ஏற மாட்டேன்."

"பயமா சார்?"

"பயமெல்லாம் இல்ல. ஸ்ட்ரைக் இல்லாத வேற கம்பெனி விமானத்துல வெயிட்டிங்ல இருக்கேன், நாப்பத்தோராவது ஆளு. கிடைச்சாப் போறேன். இதைத் தண்ணி குடுத்தாங்களே, அந்த அம்மாவுக்கு மாத்திக் குடுங்க."

"ஆறு மணிக்கு எடுத்துடுவாங்கன்னீங்களே சார்."

"ஆமாம்," என்றார். இந்த முறை அழுகை அடக்க முடியாமல் வந்தது. பக்கத்தில் கேமரா இல்லை.

அந்த அம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏழாம் வாசலுக்கு ஓடினாள். நிருபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடிவாதத்திலும் இப்படியொரு பிடிவாதமா என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்குப் போன் மறுபடி அடித்தது.

"எல்லா சேனலும் நம்ம ஆளைத்தான் கேக்குது. பேரு, தொழில் எங்கம்மா? கீழே போடணுமில்ல? முதல்ல அதைத்தானே கேப்பே?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பத்து வருடமாக மைக்கை நீட்டியதும் முதலில் கேட்பது அதைத்தான். இன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் விட்டுப்போயிருக்கிறது. போனை வைத்துவிட்டுக் கண்ணாடிச் சுவரோரம் அவரிடம் ஓடினாள்.

"சார், பேரு வேணாம்னா விடுங்க. என்ன வேலை பார்க்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"நாலு நாளா வேலை பார்க்கலம்மா," என்றார் அவர், ஏழாம் வாசலை விட்டு நகரத் தொடங்கிய விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவரைக்கும் அதைத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன்."