ஒரே ஓடைத் தண்ணீர்

"ரைவல்," என்றார் சொல் வாசிப்பவர்.

நெப்ராஸ்கா பள்ளி அரங்கில் சின்னதாய் ஒரு சிரிப்பலை. மாவட்ட ஸ்பெல்லிங் போட்டியின் கடைசிச் சுற்றில் இவ்வளவு சுலபமான சொல்லா?

மைக் முன்னால் நின்ற டெஸ்ஸா வான்ட்ரா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்றீங்களா?"

"ரைவல்."

"அர்த்தம்?"

"எதிர்த்துப் போட்டியிடுபவர்."

மிச்சம் இருந்தது இரண்டே பேர். டெஸ்ஸா, அடுத்து ஆரின். ஜெயிப்பவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். தன் முறை வரும்வரை ஆரின் திரைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும்.

அவன் அம்மா லோர்னா, பக்கத்து நாற்காலியிலிருந்த டெஸ்ஸாவின் அப்பாவை முழங்கையால் இடித்தாள்.

"என்ன டேல், வீட்ல ஒண்ணும் சொல்லித் தரலையா? எங்க ஆரின் இதைத் தூக்கத்துல சொல்வான்."

டேலுக்கு வியர்த்தது. "ரெண்டாம் வகுப்புலயே எழுதினவ..."

"இது எந்த மொழியிலேர்ந்து வந்தது?" டெஸ்ஸா விடவில்லை.

"லத்தீன்."

"அதுல என்ன அர்த்தம்?"

"ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர்."

"ஒரு வாக்கியத்துல வெச்சுச் சொல்லுங்க."

லோர்னா எழுந்தே விட்டாள். "அநியாயம்! வேணும்னே நேரத்தைக் கடத்தறா. மணியை அடிங்க சார்!"

"ரெண்டு நிமிஷம் அவளோட உரிமை. இன்னும் பத்து வினாடி இருக்கு. உட்காருங்கம்மா," என்றார் நடுவர்.

டெஸ்ஸா திரைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மூச்சு விடாமல், "ஆர், ஐ, வி, ஏ, எல்."

"சரி."

டேலுக்கு உயிர் வந்தது.

"அடுத்து, பதினேழாம் எண்!"

ஆரின் ஓடி வந்து மைக்கைப் பிடித்தான். வெளுத்த முகம். சட்டையெல்லாம் ஈரம்.

"ஐயோ, என்னடா ஆச்சு?" லோர்னா மேடை ஓரத்துக்கே போய்விட்டாள்.

"பயத்துல வாந்திம்மா. கழிவறைக்குப் போனா, கூப்பிடறப்ப இங்க இருக்க மாட்டேன், அவுட் ஆயிடுவேன்னு அழுதேன். 'நீ போயிட்டு வா, ரெண்டு நிமிஷம் நான் இழுக்கறேன்'னு சொன்னா."

"யாருடா?"

வாய் கொப்பளித்து மிச்சம் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை ஆரின் உயர்த்திக் காட்டினான். அதில் பெயர் ஒட்டியிருந்தது: டெஸ்ஸா வான்ட்ரா.